மாசத்துல ஒரு ஞாயிறு 8 கி.மீ... மத்த நாள் எங்கே நடப்பது? மலைக்கோட்டையைச் சுற்றி ஒரு கணக்கு

"தினமும் அரை மணி நேரம் நடங்க." சுகர் டாக்டர் சொல்கிறார். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொண்டு வரும் அக்கா சொல்கிறார். கையில் கட்டியிருக்கும் வாட்ச் மணிக்கொரு தடவை அதிர்ந்து சொல்கிறது. மத்திய அரசு 2019-லிருந்து 'ஃபிட் இந்தியா' என்று சொல்கிறது. தமிழக அரசு 2023-லிருந்து 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று சொல்கிறது.

எல்லாரும் சேர்ந்து சொல்லும் இந்த அறிவுரையில் ஒரே ஒரு விவரம் மட்டும் விடுபட்டுப் போகிறது. எங்கே நடப்பது?

திருச்சிக்காரர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை. சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, தெப்பக்குளம் தாண்டி, என்.எஸ்.பி. ரோடு வழியாக மலைக்கோட்டை வாசலுக்கு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பிளாட்பாரத்தில் கடை, கடைக்கு முன்னால் பைக், பைக்குக்கு முன்னால் நாம், நமக்குப் பின்னால் ஆட்டோ ஹாரன். மலை மேல் இருக்கும் நானூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறுவதைவிட, படிக்கட்டு வாசல் வரைக்கும் போய்ச் சேருவதுதான் கஷ்டமான எக்சர்சைஸ்.

ஏன் இப்ப எல்லாரும் நடக்கச் சொல்றாங்க?

காரணம் வலுவாகவே இருக்கிறது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின்படி நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட ஏழு பேரில் ஒருவர். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடை அல்லது உடல் பருமன் கணக்கில் வந்தார்கள்.

இன்னொரு எண்தான் அதிகம் யோசிக்க வைக்கிறது. 2024-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்த ஆய்வு, 2022 நிலவரப்படி இந்தியப் பெரியவர்களில் 49.4 சதவீதம் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை என்றது. 2000-ம் ஆண்டில் இது 22.3 சதவீதம். இதிலும் ஆண்கள் 42 சதவீதம், பெண்கள் 57 சதவீதம்.

இருபது வருஷத்தில் பாதி நாட்டுக்குச் சோம்பேறித்தனம் வந்துவிட்டதா என்ன? வேலை மேஜைக்கு மாறியது, பஸ்ஸில் போனவர்கள் பைக்குக்கு மாறினார்கள், தெருமுனைக் கடைக்கு நடந்து போய் வாங்கியது ஆப்பில் வந்து இறங்குகிறது. உடலுழைப்பு நம் அன்றாட வாழ்க்கையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி எடுக்கப்பட்டது. அதை ஒரு தனி 'ஆக்டிவிட்டி'யாகத் திருப்பி மாட்டத்தான் அரசுத் திட்டங்கள் பார்க்கின்றன.

சரி, அந்த 8 கி.மீ. எங்கிருந்து வந்தது?

தமிழக அரசின் திட்டம் 2023 நவம்பர் 4-ம் தேதி தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் தலா ஒரு 8 கி.மீ. நடைப்பயிற்சிப் பாதை, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து நடப்பது, வழியில் மருத்துவ முகாம். திருச்சியும் அந்தப் பட்டியலில் உண்டு. 2023-ல் சுகாதாரத் துறை அமைச்சராக இருந்த மா.சுப்பிரமணியன், தானே மாரத்தான் ஓடுபவர். ஜப்பான் போனபோது டோக்கியோவில் பார்த்த 8 கி.மீ. நடைபாதைதான் இதற்குத் தூண்டுதல் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

8 கி.மீ. என்பது ஏறத்தாழ 10,000 காலடி. அந்தப் பத்தாயிரமும் ஜப்பான் சரக்குதான். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டில், 1965-ல் ஒரு ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடி அளவிக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர் 'மான்போ-கெய்'; 'பத்தாயிரம் அடி அளவி' என்று பொருள். அதாவது, உங்கள் வாட்ச் தினமும் கேட்கும் பத்தாயிரம், ஆய்வகத்தில் பிறந்ததல்ல, விளம்பரத்தில் பிறந்தது. ஆராய்ச்சி பிறகுதான் வந்தது. 2025-ல் 'லான்செட் பப்ளிக் ஹெல்த்' இதழில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், ஒரு நாளைக்கு 7,000 அடியிலேயே பெரும்பாலான பலன் கிடைத்துவிடுகிறது என்று எழுதினார்கள். 2,000 அடி நடப்பவர் 4,000-க்குப் போனாலே லாபம்தான்.

இப்போது நம்ம கணக்கு. சாதாரண வேகத்தில் 8 கி.மீ. நடக்க ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். மாதம் ஒரு ஞாயிறு என்றால் மாதத்துக்கு அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். மாதத்துக்கு 10 மணி நேரத்துக்கு மேல்.

மீதி எட்டரை மணி நேரம்?

திட்டத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. மாதம் ஒரு தடவை ஆயிரம் பேர் சேர்ந்து நடப்பது நல்ல விஷயம், அந்த முகாமில் முதல் தடவையாக பி.பி. பார்த்துக்கொள்பவர்களும் இருப்பார்கள். மத்திய அரசின் 'சண்டேஸ் ஆன் சைக்கிள்' 2024 டிசம்பரில் வந்தது, அதுவும் ஞாயிறுதான். அரசாங்கத்துக்கு உடற்பயிற்சி என்றாலே ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிடுகிறது. நம் உடம்பு கெடுவதோ திங்கள் முதல் சனி வரை.

பெயரில் 'பயிற்சி' இல்லாத பயிற்சித் திட்டம்

இன்னொரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். உறையூரில் வீடு, கன்டோன்மென்ட் பக்கம் ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் 10 நிமிட நடை. இறங்கின இடத்திலிருந்து ஆபீஸ் 5 நிமிடம். சாயங்காலம் திரும்ப அதே 15. ஒரு நாளைக்கு 30 நிமிடம், வாரம் ஐந்து நாள், மொத்தம் 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு டிராக் சூட்டும் ஜிம் ஃபீஸும் இல்லாமல் முடிந்துவிட்டது. கொஞ்சம் வேகமாக நடந்தால் சரி.

இந்தக் கோணத்தில் பார்த்தால், தமிழ்நாட்டின் பெரிய உடற்பயிற்சித் திட்டம் சுகாதாரத் துறையிடம் இல்லை, போக்குவரத்துத் துறையிடம் இருக்கிறது. 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் இலவசப் பேருந்துப் பயணம், இப்போதைய 'விடியல் பயணம்'. அதை யாரும் ஆரோக்கியத் திட்டம் என்று அறிவிக்கவில்லை. ஆனால் பஸ்ஸில் போகிற ஒவ்வொரு பெண்ணும் ஸ்டாப் வரைக்கும் நடக்கத்தான் வேண்டும். போதிய உடலுழைப்பு இல்லாதவர்களில் பெண்கள்தான் அதிகம் என்று மேலே பார்த்தோம். அவர்களை வீட்டை விட்டு வெளியே வரவைத்து, தினமும் நடக்கவும் வைக்கும் திட்டம் வேறு எது இருக்கிறது?

அப்படியென்றால் அந்த 10 நிமிட நடைதான் முக்கியம். அந்தப் பாதையில் பிளாட்பாரம் இருக்கா? சாயங்காலம் ஏழு மணிக்கு விளக்கு எரியுதா? சித்திரை வெயிலில் ஒரு மர நிழலாவது உண்டா? இதுக்கெல்லாம் 'இல்லை' என்று பதில் வந்தால், அவர் முதல் வேலையாக லோன் போட்டு ஸ்கூட்டி வாங்குவார். நியாயம்தானே. பிறகு அதே ஸ்கூட்டியில் ஏறி வாக்கிங் போகும் இடத்துக்குப் போவார்.

நடக்கவே கட்டின ஊர்

வேடிக்கை என்னவென்றால், திருச்சி நடப்பதற்காகவே கட்டின ஊர். ஸ்ரீரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு பிராகாரம், அதன் வெளிச்சுற்றுகளில் வீதிகள், வீதிகளில் வீடுகள். சித்திரை வீதிகள் அவ்வளவு அகலமாக இருப்பது கார் போவதற்காக அல்ல, தேர் திரும்புவதற்காக. தேர் இல்லாத நாட்களில் அந்த அகலம் நடப்பவர்களுக்கு. விடியற்காலையில் உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் நாலு பக்கம் சுற்றி வருபவர்களில் யார் கோயிலுக்குப் பிரதட்சணம் செய்கிறார்கள், யார் கொலஸ்ட்ராலுக்காக நடக்கிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ரெண்டும் ஒன்றாகவும் இருக்கலாம். அதே வீதியில் எட்டு மணிக்கு மேல், சீசன் நேரத்தில், வேன் நிறுத்தியிருக்கும் இடம் போக மிச்சம்தான் நமக்கு.

காவிரிப் பாலம் இன்னொரு உதாரணம். சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் இணைக்க 1976-ல் கட்டியது. வாகனத்துக்குத்தான் கட்டினார்கள். ஆனால் சாயங்காலக் காத்துக்கு ஊரே அங்கே வந்து நின்றது, நடந்தது. அதை யாரும் 'பொழுதுபோக்கு நடைமேடை' என்று அறிவிக்கவில்லை, ரிப்பன் வெட்டவும் இல்லை. ஓரத்தில் நடக்க இடம் இருந்தது, கீழே ஆறு இருந்தது, தூரத்தில் மலைக்கோட்டை தெரிந்தது. மக்கள் வந்துவிட்டார்கள். சோழர் காலத்து உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் ஸ்மார்ட் சிட்டி நிதியில் நடைபாதை வந்தது. யோசனை அருமை. ஆனால் வாய்க்காலில் கழிவுநீர் கலக்கும் இடங்களில் மூச்சை இழுத்துப் பயிற்சி செய்யுங்கள் என்று யாரிடமும் சொல்ல முடியாது.

சமயபுரத்தை விட்டுவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. வருஷம் முழுக்க பக்கத்துக் கடைக்குக்கூட வண்டியில் போகிறவர், மஞ்சள் கட்டி, செருப்பில்லாமல், திருச்சியிலிருந்து சமயபுரம் வரை நடக்கிறார். குடும்பத்தோடு, ராத்திரியில். அன்றைக்கு மட்டும் எப்படி முடிகிறது? மனசில் வேண்டுதல் இருக்கிறது என்பது ஒரு பாதி. மறுபாதியை நாம் கவனிப்பதில்லை: அன்றைக்கு ரோடு நடப்பவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. போலீஸ் நிற்கிறது, வழியில் தண்ணீர்ப் பந்தல், மோர், உட்கார இடம், கூட நடக்க ஆயிரம் பேர். ஒரு பெண் நள்ளிரவில் பயமில்லாமல் நெடுஞ்சாலை ஓரம் நடக்கும் அபூர்வமான நாட்கள் அவை. 'மக்களுக்கு நடக்கும் பழக்கம் போய்விட்டது' என்பது முழு உண்மை இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஜிம்முக்கு வரிக் குறைப்பு... மிக்சருக்கும்!

இடையில் மத்திய அரசின் பக்கம் ஒரு பார்வை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம், யோகா நிலையம் போன்றவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. மாதம் 1,500 ரூபாய் கட்டணம் என்றால் வரி 270-லிருந்து 75 ரூபாய். நல்லதுதான். ஆனால் ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குக் கீழே இருக்கும் சேவை நிறுவனங்களுக்கு ஏற்கெனவே ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. மாதம் 1,000 ரூபாய் வாங்கும் ஒரு ஏரியா ஜிம்மில் 160 பேர் வருஷம் முழுக்க இருந்தாலும் அந்த வரம்பைத் தொடாது. ஆக, இந்தக் குறைப்பு ஏ.சி. ஜிம்முக்குப் போகிறவருக்குத்தான். தில்லைநகரில் தெரியும், வரகனேரியில் தெரியாது.

அதே நாளில் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்க்ரீம் 18-லிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. பாக்கெட் மிக்சர், சேவு 12-லிருந்து 5-க்கு. கோலா வகைகள் 40 சதவீத அடுக்கில் போடப்பட்டன என்று பரபரப்பானது. ஆனால் செஸ் சேர்த்து முன்பும் அவற்றுக்கு 40-தான். அதே வருஷம் எண்ணெயை 10 சதவீதம் குறையுங்கள் என்று பிரதமர் கேட்டார். அலுவலகங்களில் எண்ணெய், சர்க்கரை அளவு காட்டும் பலகை வைக்கச் சுகாதார அமைச்சகம் சொன்னது. 'சமோசாவுக்கு எச்சரிக்கை லேபிள்' என்று செய்தி பரவ, அப்படியெல்லாம் இல்லை என்று விளக்கமும் வந்தது. ஒரு கை பலகை வைக்கிறது, இன்னொரு கை விலையைக் குறைக்கிறது. எது ஜெயிக்கும் என்று டீக்கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

யாருடைய வேலை இது?

மையப் பிரச்னை இங்கேதான் இருக்கிறது. நடக்கச் சொல்வது சுகாதாரத் துறை. நடக்கும் இடம் மாநகராட்சியிடம். பெரிய ரோடுகள், பாலங்கள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம். பைபாஸ், தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடம். பிளாட்பாரத்தில் நிற்கும் பைக்கை எடுக்கச் சொல்ல வேண்டியது போக்குவரத்துப் போலீஸ். சுகாதாரத் துறை எத்தனை முகாம், எத்தனை பேர் என்று கணக்குக் கொடுக்கும். எத்தனை மீட்டர் பிளாட்பாரத்தில் தடையில்லாமல் நடக்க முடிகிறது என்ற கணக்கை யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

தரைக்கடைக்காரர்களைத் துரத்திவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பதும் குறுக்கு வழி. என்.எஸ்.பி. ரோட்டிலும் சின்னக்கடை வீதியிலும் அவர்கள் பிழைப்பு இருக்கிறது. 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு உரிமை கொடுக்கிறது. விற்பனைப் பகுதி குறித்து, அடையாள அட்டை தந்து, முறைப்படுத்தச் சொல்கிறது. அதை ஒழுங்காகச் செய்தால் கடையும் இருக்கும், நடக்க இடமும் இருக்கும். பூக்கடை அக்கா அடைத்துக்கொள்ளும் இடத்தைவிட, நிறுத்தி வைத்திருக்கும் ஒரு கார் அடைத்துக்கொள்ளும் இடம் அதிகம். ஆனால் அகற்ற வண்டி வந்தால் முதலில் ஏறுவது பூக்கூடைதான்.

பணம் இல்லாததால்தான் இப்படி என்றும் சொல்ல முடியாது. 2016-ல் கிராமங்களுக்கு அம்மா உடற்பயிற்சிக் கூடங்களும் பூங்காக்களும் அறிவிக்கப்பட்டன. கருவி வந்தது, கட்டடம் வந்தது. பிறகு பல ஊர்களில் பூட்டு தொங்குவதாகவே செய்தி வந்தது. பராமரிக்க ஆள் போடாமல் கருவி மட்டும் வாங்குவது எந்த ஆட்சியிலும் எளிதான வேலை. திறப்பு விழாவுக்கு ஒரு நாள் போதும், பராமரிப்புக்கு தினமும் ஆள் வேண்டும்.

மத்த ஊர்ல எப்படி?

கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1974-லிருந்து 'சிக்லோவியா' நடக்கிறது. ஞாயிறும் விடுமுறை நாளும் காலை 7 மணி முதல் 2 மணி வரை, 120 கி.மீ.க்கு மேல் முக்கியச் சாலைகள் வாகனத்துக்கு மூடப்படும். அவர்களும் ஞாயிறைத்தான் பிடித்தார்கள், ஆனால் மாதம் ஒன்று அல்ல, ஒவ்வொரு ஞாயிறும், ஐம்பது வருஷமாக. அதனால்தான் அது ஊரின் பழக்கமானது.

சிங்கப்பூர் 2015-ல் 'நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்ச்' கொண்டுவந்தது. நடந்தால் புள்ளி, புள்ளிக்கு வவுச்சர். நம்ம ஊரில் இந்தப் பாதியை மட்டும்தான் காப்பியடிக்க ஆசைப்படுவோம், ஏனென்றால் ஒரு ஆப் போதும். அங்கே இன்னொரு பாதியும் நடந்தது: எம்.ஆர்.டி. நிலையத்தைச் சுற்றி 400 மீட்டர் வரை பள்ளி, கடை, வீடுகளுக்குக் கூரை போட்ட நடைபாதை. மழைக்கும் வெயிலுக்கும் பயமில்லை. கோடையில் 40 டிகிரி தொடும் திருச்சிக்குப் பாடம் வவுச்சரில் இல்லை, கூரையில் இருக்கிறது. கூரை போட வசதியில்லாவிட்டால் புங்கை மரம்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் எழுதினார்கள். எழுதியது முழுக்க நடக்கவில்லை. ஆனால் பாண்டி பஜாரில் 2019-ல் அகலமான நடைபாதை வந்தது, வியாபாரம் படுத்துவிடவில்லை. 65 வார்டுகள் உள்ள திருச்சி மாநகராட்சியும் இதுபோல ஒரு எண்ணை எழுதிவைத்தால், கேள்வி கேட்கவாவது ஒரு பிடி கிடைக்கும்.

சரி, நாம என்ன கேட்கலாம்?

கேட்பதற்கு இப்போது சட்டத்தின் பலமும் இருக்கிறது. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன், விபத்தில் அடிபட்டு வருபவர்களைப் பார்த்துப் பார்த்து 2012-ல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில்தான் 2025 மே 14-ம் தேதி, தடையில்லாத நடைபாதை அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. இதில் எதுவும் மிகை இல்லை. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். உடம்பு நல்லா இருக்கணும்னு நடக்கச் சொல்லும் நாட்டில் இந்த எண்.

அளவுகோலும் தயாராகவே இருக்கிறது. இந்தியச் சாலைகள் காங்கிரஸின் 2012 வழிகாட்டுதல், நடைபாதையில் எந்தத் தடையும் இல்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. கடைவீதிகளில் இன்னும் அதிகம். உயரம் 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. போனால் முட்டி வலிக்காரர் ஏற மாட்டார், ரோட்டில்தான் நடப்பார்.

2022-லிருந்து மாநகராட்சி வார்டுகளில் ஏரியா சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. பெரும்பாலும் குப்பை, குடிநீர், நாய்த்தொல்லை பேசுவார்கள், அதுவும் தேவைதான். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது 20 ரூபாய் டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு, வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் பிளாட்பாரத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். எங்கே 1.8 மீட்டர் இருக்கு, எங்கே டிரான்ஸ்பார்மர் நிக்குது, எங்கே பிளாட்பாரமே முடிஞ்சு போச்சு என்று இடம் வாரியாக. கவுன்சிலரிடம் கொடுக்க அந்த ஒரு பக்கம் போதும். அளந்து முடிக்கும்போது அன்றைய 7,000 அடியில் ஒரு பங்கும் முடிந்திருக்கும்.